இனிஷியல் போடாத மாற்றம்

என்னிடம் ஒரு ஓ.எச்.பி தாள் இருக்கிறது. இப்போது கம்பெனியில் சேரும் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள் அது. மார்க்கர் பேனாவால் அதில் எழுதி, விளக்கு எரியும் ஒரு பெட்டியின் மேல் வைத்தால், எழுத்து சுவரளவு பெரிதாகித் திரையில் விழும். தொண்ணூறுகளில் பெங்களூரில் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் அந்தப் பெட்டியின் காற்றாடி இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். என்னிடம் இருக்கும் தாளில் பதினோரு வரி புரோகிராம் இருக்கிறது, நீல மையில். அதைச் சுற்றிச் சிவப்பில் நான் போட்ட பெரிய வட்டம். வட்டத்துக்கு வெளியே ஒரு கேள்விக்குறி. வலது மூலையில், அந்த வரிகளை எழுதியவரின் இனிஷியல் இரண்டு எழுத்து. திரையில் காட்டும்போது அதையாவது மறைத்துத் தொலைத்திருக்கலாம். அன்றைக்கு எனக்கு அந்தப் புத்திகூட இல்லை.

அந்த இரண்டு எழுத்துக்கு உரியவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். என் வயதுதான், எனக்கு ஆறு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் ஆபீஸ் அப்போது பெங்களூர் அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே இரும்பைக் கடையும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம். பதினாறு பேர். வெளிநாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றின் கிடங்குகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நான் ஈரோட்டிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியவன், பத்து நிமிடம் நடந்தால் ஆபீஸ். அவர் கோலார் தங்கவயலிலிருந்து விடிகாலை ரயிலைப் பிடித்து, இறங்கி, பஸ் மாறி வருவார். ரயில் தாமதமானால் "கே.ஜி.எஃப் எங்கப்பா, இன்னும் பங்காரப்பேட்டையிலயே நிக்குதா?" என்று ஆபீஸே கிண்டலடிக்கும். அவர் பையை மாட்டிவிட்டு, "நான் வர்ற ரயில்லதான் ஒங்க காய்கறியும் வருது. நான் லேட்டுன்னா ஒங்க வூட்டு சாம்பாரும் லேட்டு, தெரிஞ்சிக்கோங்க" என்பார்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று தானாகவே குறித்து வைக்கும் ஏற்பாடெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் நான்கு கட்டம் வைத்து ஒரு பட்டியல் இருக்கும். தேதி, மாற்றியவர் இனிஷியல், என்ன மாற்றம், என்ன காரணம். நாங்களெல்லாம் நான்காவது கட்டத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒப்புக்கு எழுதிவிட்டுப் போய்விடுவோம். அவர் மட்டும் காரணத்தைக் காரணமாக எழுதுவார். 'அச்சடிக்கும்போது காகிதம் தீர்ந்தால் இணைப்பு திறந்தே கிடக்கிறது, மூட வேண்டும்' என்று வரி வரியாக இருக்கும். "கதை எழுதறீங்களா?" என்று கேட்டால், "நாளைக்கு இதைப் படிக்கப்போறவன் நம்மளைத் திட்டக்கூடாது இல்ல" என்பார்.

அந்தப் பதினோரு வரிக்கு வருகிறேன். கிடங்கு மென்பொருள் ஓடும்போது பிரிண்டருக்கும் சரக்கு எண்ணும் கருவிகளுக்கும் இணைப்புகளைத் திறந்து திறந்து மூடும். திறந்த குழாயை மூடுகிற மாதிரிதான், மறந்தால் ஒழுகும். அவர் எழுதிய பகுதியில், வேலைக்குள் நுழையும்போது எத்தனை திறந்தோம் என்று எண்ணி வைப்பார். வெளியே வரும்போது எத்தனை மூடினோம் என்று எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் புரோகிராம் அங்கேயே நின்று கத்தும். இதை ஏன் இப்படித் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறீர்கள் என்று ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். அவர் அப்பா சுரங்கத் தொழிலாளி. கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் எண் போட்ட பித்தளைப் பில்லையை வாங்கிக்கொண்டு இறங்குவார்களாம். மேலே வந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பார்களாம். ஒரு பில்லை குறைந்தால் மேலே இருப்பவன் இடத்தை விட்டு நகர மாட்டானாம். "எல்லாரும் வந்துட்டாங்கன்னு யாரு சொன்னாலும் நம்ப மாட்டான். பில்லையைத்தான் நம்புவான். அப்படித்தான் எங்கப்பா தெனம் வூட்டுக்கு வந்தாரு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். நான் தலையாட்டினேன். காதில் வாங்கினேனே தவிர மனசில் வாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சி பிளஸ் பிளஸ் மொழியில் புதுப்புது வசதிகள் வந்துகொண்டிருந்தன. எக்ஸெப்ஷன் என்று ஒன்று வந்தது. நடுவில் ஏதாவது தவறு நடந்தால் புரோகிராம் அந்த இடத்தை விட்டு ஒரே தாவாகத் தாவி, தவறைக் கையாளும் இடத்துக்குப் போய்விடும். தாவும்போது நாம் திறந்ததை எல்லாம் மொழியே மூடிக்கொள்ளும் என்று எழுதியிருந்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளைக் கடன் வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, அடிக்கோடு போட்டுப் படித்தேன். ஏதோ நானே அந்த மொழியைக் கண்டுபிடித்தவன் போல ஆபீஸில் ஒரு திமிர். நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் 'மொழியின் புதிய வசதிகளும் சுத்தமான நிரலும்' என்று பேச விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. மேனேஜர் பூரித்துப்போய்ப் பதினாறு பேரையும் இரண்டு வேனில் அனுப்பிவைத்தார்.

பேச்சுக்கு ஒரு மோசமான உதாரணம் தேவைப்பட்டது. நல்ல உதாரணத்துக்கு யார் கைதட்டுவார்கள்? பக்கத்து நாற்காலியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. தாளை விளக்கின் மேல் வைத்ததும் அந்தப் பதினோரு வரியும் திரையில் ஆளுயரத்துக்கு எழுந்தன. "இதை எழுதியவருக்கு மொழி மேலும் நம்பிக்கை இல்லை, தன் மேலும் நம்பிக்கை இல்லை, எண்ணிக்கொண்டே இருக்கிறார், பாவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபமே சிரித்தது. சிரிப்பு என்பது பொல்லாத வஸ்து, ஒரு தடவை கிடைத்துவிட்டால் இன்னொன்று கேட்கும். ஃபைலின் தலையில் நாங்கள் எழுதும் அந்தப் பட்டியலையும் இழுத்தேன். நல்ல புரோகிராமுக்கு விளக்கம் எதற்கு, இனிஷியல் எதற்கு, சுவரில் பெயர் கிறுக்கும் பழக்கம் இது என்றேன். கைதட்டல் விழுந்தது. அப்போதுதான் மூன்றாம் வரிசையில் அவரைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. திரையில் இருந்த தன் வரிகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார், எங்கேனும் பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

தேநீர் இடைவேளையில் நானாகத்தான் போய் நின்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா ஒரு எக்ஸாம்பிளுக்கு" என்றேன். "வட்டம் பெருசா போட்டுட்டீங்க" என்றார். பிறகு, "எண்றதை எடுக்கணும்னு தோணிச்சின்னா எடுங்க. ஆனா எண்ணாம வுட்டா இன்னாகும்னு ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு எடுங்க. எடுக்கும்போது இனிஷியல் போட்டு எடுங்க" என்றார். அவ்வளவுதான். பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். நான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பாராட்டு எங்கே என்று தேடிப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பதினோரு வரியை எடுத்தேன். புது வசதியைப் போட்டு மூன்று வரியில் முடித்தேன், பார்க்க அழகாக இருந்தது. அவர் சொன்ன மாதிரி ஓட்டிப் பார்க்கவில்லை. தலைப் பட்டியலில் என் இனிஷியலையும் போடவில்லை. அதைக் கிண்டலடித்து அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு நானே போய் எழுதுவேனா? கௌரவம் தடுத்தது. அந்த ஃபைலில் கடைசியாக இருந்த இனிஷியல் அவருடையதாகவே நின்றது.

அதற்குப் பிறகு ஆபீஸ் பெரிதாகி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மாறியது. அவருக்கு இன்னும் தூரம் கூடியது. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் கம்பெனியில் ஆறு மாதம் இருந்து வேலை பார்க்க ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்புவது என்று முடிவாகி, பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. தங்கவயலில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம். பெங்களூரில் வீடு பார்த்து அப்பாவையும் அம்மாவையும் அழைத்து வந்துவிடலாம் என்று அவர் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோவைக் காட்டி, "திருடி மாதிரி இருக்கேன் இல்ல?" என்று சிரித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை, பெரிய கிடங்கு ஒன்று மொத்தமாக நின்றுபோனது என்று செய்தி வந்தது. ஒரு பகல் முழுக்க ஒரு மருந்துப் பெட்டி நகரவில்லை. எங்கள் மேனேஜர் மைசூர்க்காரர், குரல் உயர்த்தாத மனிதர். அன்றைக்கு அவர் முகமே வேறாக இருந்தது. எல்லோரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, அச்சடித்த ஃபைலை நடுவில் போட்டார். காரணம் அரை மணியில் தெரிந்துவிட்டது. மொழியின் புது வசதி நாங்கள் புதிதாக எழுதியதை எல்லாம் ஒழுங்காக மூடியது. பிரிண்டருக்கான இணைப்பு மட்டும் வேறொரு கம்பெனி எழுதிக் கொடுத்த பழைய சரக்கு. அதை மூடுவது அந்த வசதிக்குத் தெரியாது. காகிதம் தீரும்போதெல்லாம் புரோகிராம் தாவியது. தாவும்போதெல்லாம் ஒன்று திறந்தே கிடந்தது. மாதக்கணக்கில் ஒழுகி ஒழுகி, இனித் திறக்க ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றுவிட்டது. பதினோரு வரி இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும்.

"இது யாரு பரெதித்து?" என்று கேட்டார் மேனேஜர். யார் எழுதியது என்று கோபம் வந்தால் கன்னடத்தில்தான் கேட்பார். ஃபைலின் தலையில் இரண்டு எழுத்து இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு வந்தார். தன் வரிகள் இருந்த இடத்தில் விரல் நின்றது. "நான் இங்க எண்ணியிருந்தேன் சார். அதை நான் எடுக்கலை" என்றார். "அப்போ யாரு எடுத்தது?" என்றார் மேனேஜர். அவர் தாளிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார். அதிக நேரமில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? 'நான்தான்' என்று ஒரு சொல். நான் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "பேர் உங்களுதுதானே இருக்கு" என்று மேனேஜர் சொன்னார். பக்கத்து நாற்காலிக்காரர் தாளை மேஜை நடுவுக்குத் திரும்பத் தள்ளினார். என் பெயரையும் சொல்லவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். வெளிநாட்டுப் பட்டியலில் அவர் பெயரை அடித்தார்கள். அடுத்த பெயர் என்னுடையது. போனேன். ஐயா, மறுக்கவில்லை, போனேன்! ஆறு மாதம் கழித்து நல்ல குளிர் சட்டையும் சாக்லேட்டுமாகத் திரும்பி வந்தபோது பக்கத்து நாற்காலியில் வேறொருவர் இருந்தார். நான் கிளம்பிய மறு மாதமே அவர் ராஜினாமா கொடுத்துவிட்டார் என்றார்கள். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லையாம். அவருடைய ஃபைல்களை இனி இன்னொருவர் சரிபார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது போதாதா?

ஆறேழு வருடம் ஓடியது. மேம்பாலம் வரப்போகிறது என்று ஓசூர் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில், இன்னொரு கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். இந்த முறை ஜாவா. அதில் வந்திருந்த புது வசதிகளும் நிரலின் தரமும் பற்றிப் பேச வேண்டும். பழைய குறிப்புகளைத் தேடியபோது இந்தத் தாள் கையில் தட்டுப்பட்டது. சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. அன்று முழுக்க என்னால் ஒன்றும் எழுத முடியவில்லை. ஒருவரைப் பிடித்து, இன்னொருவரைக் கேட்டு, அவர் ஹெப்பகோடியில் இருக்கிறார் என்று விலாசம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு டஜன் வாழைப்பழத்தோடு போய் நின்றேன்.

கதவைத் திறந்தவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். உள்ளேயிருந்து அவர் அப்பா, "யாரும்மா அது?" என்று கேட்டார். "அடுகோடில கூட வேலை பாத்தவருப்பா." பெரியவர் எழுந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா ஆபீசா? ஒக்காருங்க, சாப்ட்டுதான் போவணும்" என்றார். வீட்டில் அவர் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்று அப்போது தெரிந்தது. அந்தப் பெரியவரின் உள்ளங்கைச் சூட்டில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காபி வந்தது, பெரியவர் கடைக்குப் போனார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதை எல்லாம் கொட்டினேன். நான்தான் எடுத்தேன், நான்தான் வாய் திறக்கவில்லை, மன்னிச்சிடுங்க என்றேன். கண் கலங்கியது எனக்குத்தான். அவர் டம்ளரைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "அப்ப ஏன் சொல்லலை?" என்றேன். எவ்வளவு கேவலமான கேள்வி பாருங்கள். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றார். பிறகு, "மேடையில சிரிக்க வெச்சீங்க. ஆபீஸ்ல அத்தனை பேர் முன்னாடி சும்மா இருந்தீங்க. இப்ப ஞாயித்துக்கெழமை என் வூட்டாண்ட வந்து என் காதுல மட்டும் சொன்னா யாருக்குங்க கேக்கும்? மேடையில போட்டதை மேடையிலதான் எடுக்கணும்" என்றார். அடுத்த மாதமே மேடை இருக்கிறது, அங்கே சொல்கிறேன், இந்தத் தாளையே காட்டிச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்கள் பெயரைச் சொல்லலாமா என்றும் கேட்டேன். "என் பேரு எதுக்கு? அது ஏற்கெனவே அந்த ஃபைல்ல இருக்குது. ஒங்க பேரைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

கருத்தரங்கு நாளன்று தாளை ஒரு கவரில் போட்டு எடுத்துப்போனேன். மண்டபத்தில் ஓ.எச்.பி பெட்டி இல்லை. லேப்டாப்பிலிருந்து ஓடும் புரொஜெக்டர்தான். ஆஹா, தெய்வமே ஒரு சாக்கு கொடுத்தது என்று உள்ளே ஒருத்தன் குதித்ததை மறைக்க மாட்டேன். பெட்டி இல்லாவிட்டால் என்ன, வாய் இல்லையா? பேச்சின் நடுவில் அந்தக் கதைக்கு வந்தேன். முன் வரிசையில் என் புது கம்பெனியின் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். "ஒரு டீமில் இப்படி நடந்தது" என்று ஆரம்பித்தேன். யாரோ ஒருவர் அந்த வரிகளை எடுத்தார் என்றேன், பழி இன்னொருவர் மேல் விழுந்தது என்றேன். பில்லைக் கதையையும் விடாமல் சொன்னேன். மண்டபம் அமைதியாகக் கேட்டது. முடித்தபோது முன்பை விடப் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

அவர் வந்திருந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்த அதே பச்சைச் சேலை. தேநீர் மேஜையருகே கூட்டம் என்னை மொய்த்துக்கொண்டிருந்தபோது விலகி நின்று காத்திருந்தார். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். "நல்லா பேசினீங்க" என்றார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இந்தத் தடவையும் இனிஷியல் போடலை" என்றார். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் படியிறங்கி, ரோட்டைக் கடந்து, ஹெப்பகோடி பஸ் வரும் வரை நிறுத்தத்தில் நின்றார். நான் மேலே ஜன்னலில் நின்றேன். இறங்கிப் போயிருக்கலாம். பஸ் வர இருபது நிமிடமாவது ஆனது.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஹெப்பகோடி வீட்டுக்கு இன்னொரு முறை போனபோது அங்கே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். இப்போது மேடையில் பேச என்னை யாரும் அழைப்பதில்லை. மொழிகளும் எத்தனையோ மாறிவிட்டன. யார் எந்த வரியை, எந்த நிமிடத்தில் மாற்றினார் என்பதை இயந்திரமே எழுதி வைத்துக்கொள்கிறது, என் மாதிரி ஆட்களுக்குத் தப்பிக்க வழியில்லை. எனக்கு மிச்சமிருக்கும் சபை இதைப் படிக்கிற நீங்கள்தான். இந்தக் கட்டுரையின் தலையில் என் பெயர் அச்சாகும். அவர் கேட்டது அதைத்தான்.

இன்று காலை அந்தத் தாளை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து, அவருடைய இரண்டு எழுத்துக்குக் கீழே நான்கு கட்டம் போட்டேன். தேதி எழுதினேன். என் இனிஷியலை எழுதினேன். 'பதினோரு வரி நீக்கம்' என்று எழுதினேன். நான்காவது கட்டத்துக்குத்தான் நேரம் பிடித்தது. வேலைப் பளு, புது வசதி, அனுபவமின்மை என்று என்னென்னவோ வந்து நின்றன, ஒன்றும் உண்மையில்லை. அவர் மாதிரி காரணத்தைக் காரணமாக எழுத வேண்டும் அல்லவா? கடைசியில் ஒரே ஒரு சொல் எழுதிப் பேனாவை மூடினேன். கைதட்டல்.